எழுந்து நிற்கச் சொன்னவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் மலை அடிவாரத்தில் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். விடிகாலையில் 1320 படியும் ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, சட்டை நனைய இறங்கி வந்திருந்தார். வாரத்தில் மூன்று நாள் ஏறுவாராம். அப்பாவைப் பற்றிக் கேட்டேன். "எம்பத்திரெண்டு ஆச்சுங்க சார். ரொம்பத் தளந்துட்டாரு. கீழ உளுந்துருவாருன்னு கட்டில உட்டு எறங்கவே உடறதில்லீங்க. சோறு, தண்ணி, எல்லாம் படுக்கைக்கே போயிருமுங்க" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். பாசத்திலும் குறையில்லை. "கொஞ்சம் எக்சர்சைஸ் செய்ய வைக்கலாமே" என்றேன். "அந்த வயசுல போயி எதுக்குங்க சார்?" என்று சிரித்தார்.

நான் மேலே பேசவில்லை. காரணம், அதே வேலையை நானும் செய்தவன்.

2009-இல் என் அம்மா வாசலில் வழுக்கி விழுந்தார். அப்போது அவருக்கு 79 வயது. எலும்பு முறியவில்லை, இடுப்பில் நல்ல அடி, அவ்வளவுதான். நாங்கள் கூடிப் பேசி மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. "என்னையக் கொஞ்சம் எந்திரிக்க உடு சாமி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "நல்லாகட்டும்மா, படுத்துக்க" என்றேன். நான்காவது வாரம் எழுப்பினால் கால் நிற்கவில்லை. அதன்பின் இருந்த நான்கு வருடமும் கட்டில்தான். அப்பாவின் தறிக்கு ஐம்பது வருடம் தார் சுற்றிக் கொடுத்த அம்மா, கக்கூசுக்குப் போக ஆள் வரும்வரை காத்திருந்தார். அவரை மிகவும் வருத்தியது வலியல்ல, அந்தக் காத்திருப்புதான். ஊரில் எல்லோரும் எங்களைப் பாராட்டினார்கள், "பெத்தவளைப் பூ மாதிரி பாத்துக்கறாங்க" என்று.

இந்தத் தப்பு எங்கள் வீட்டோடு நிற்பதல்ல. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளே தலைமுறை தலைமுறையாகச் செய்த தப்பு இது. ஓய்வு பெற்றபின் தேடித்தேடிப் படித்ததில் அந்த வரலாறு ஓரளவு பிடிபட்டது.

1935-இல் லண்டனின் மேற்குப் பக்கம் இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியோடு, பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகளையும் சேர்த்தார்கள். பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டரிடம் வந்தது. 700-க்கும் மேற்பட்ட நாட்பட்ட நோயாளிகள், பெரும்பாலும் வயதானவர்கள். பலர் வருடக்கணக்காகப் படுக்கையில் இருந்தவர்கள். என்ன நோய் என்றே பலருக்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. 'முதுமை, தேறாது' என்பதே நோயின் பெயர் மாதிரி ஆகியிருந்தது. வாரன் ஒவ்வொருவராகப் பரிசோதித்தார். யாருக்கு மருந்து, யாருக்குப் பயிற்சி, யாருக்கு வெறும் ஊக்கம் போதும் என்று பிரித்தார். வார்டுக்கு வெளிச்சம் கொண்டுவந்தார். பிறகு எழுப்பி உட்கார வைத்தார், நிற்க வைத்தார், நடக்க வைத்தார். இனி எழவே மாட்டார்கள் என்று விடப்பட்டவர்களில் பலர் வீடு திரும்பினார்கள். இதையெல்லாம் அவர் 1943-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். முதியோர் மருத்துவம் என்ற தனித்துறை பிறந்த கதையை இங்கிருந்துதான் சொல்லத் தொடங்குகிறார்கள்.

நான்கு வருடம் கழித்து, 1947-இல், ரிச்சர்ட் ஆஷர் என்ற டாக்டர் அதே இதழில் படுக்கையின் ஆபத்துகளைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். நுரையீரலில் சளி தேங்குவது, ரத்தம் உறைவது, தசை கரைவது, எலும்பு வலு இழப்பது, மலச்சிக்கல், படுக்கைப்புண் என்று உறுப்பு உறுப்பாகப் போகும். நகைச்சுவையான ஆள், ஆனால் சொன்னது விளையாட்டல்ல.

எனக்கு மிகவும் உறைத்தது 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த பரிசோதனை. 20 வயது வாலிபர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். அவர்களுடைய உழைப்புத் தாங்கும் திறன் சரிந்து விழுந்தது. முப்பது வருடம் கழித்து, ஐம்பதைத் தொட்ட அதே ஐந்து பேரைத் திரும்பக் கூட்டிவந்து சோதித்தார்கள். முப்பது வருட வயது ஏறி இழந்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கையில் இழந்ததுதான் அதிகம்! இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. எங்கள் அம்மாவுக்கும் அதே மூன்று வாரம்தான். வயது மட்டும் 79.

சரி, போன வலு திரும்புமா? தொண்ணூறு வயதில்? 1990-இல் பாஸ்டன் நகர முதியோர் காப்பகம் ஒன்றில் மரியா ஃபியாடரோன் என்ற டாக்டர் இதைச் சோதித்தார். 86 முதல் 96 வயது வரை உள்ள, உடல் நலிந்த பத்துப் பேர். மெதுவான கைகால் அசைப்பு அல்ல, தொடைத் தசைக்கு எடை வைத்துத் தூக்கும் கடினப் பயிற்சி, எட்டு வாரம். முடித்த ஒன்பது பேருக்கும் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை வைத்துவிட்டு நடந்தார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதினார்: பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் வலுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

நான்கு வருடம் கழித்து நூறு பேரை வைத்துச் செய்தார்கள். சராசரி வயது 87, பத்து வாரம். பயிற்சி செய்தவர்களுக்கு வலுவும் கூடியது, நடை வேகமும் கூடியது, படி ஏறும் சக்தியும் கூடியது. சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அப்படி எதுவும் கூடவில்லை. வயதானவர்களைப் பார்க்கப் போகும்போது ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிப் போகிறோமே, அப்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். வாங்கிப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவு தொடங்கிவிட்டார். இந்தியாவில் அதுதான் முதல். 1988-இல் தனி வார்டு, 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு. ஆனால் அந்த அறிவு சுமார் 400 கிலோமீட்டர் தாண்டி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு 2009 வரை வந்து சேரவில்லை. சென்னையைக் குறை சொல்ல மாட்டேன், நானும் தேடவில்லை.

உடற்பயிற்சி என்றதும் நம் பக்கத்தில் நானம்மாள் பாட்டியைச் சொல்வார்கள். கோவை கணபதிக்காரர். தொண்ணூறு தாண்டியும் யோகாசனம் கற்றுக்கொடுத்து, 2018-இல் பத்மஸ்ரீ வாங்கி, 2019-இல் 99 வயதில் மறைந்தார். பெரிய மனுஷிதான். ஆனால் அவர் சிறு வயதிலிருந்தே செய்தவர். அவர் படத்தைக் காட்டினால், எழுந்து நிற்கவே முடியாதவர் "அதெல்லாம் அவங்களுக்கு" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். குழித்தறியில் உட்கார்ந்து நாள் முழுக்க மிதித்த என் அப்பாவின் கால்களும் தறியை நிறுத்திய இரண்டு வருடத்தில் தளர்ந்துவிட்டன. பழைய உழைப்பு பேங்கில் போட்ட பணம் மாதிரி கிடக்காது போலிருக்கிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். பிரஷர், சுகர் மாத்திரையை மட்டும்தான் எல்லோரும் பேசுகிறார்கள். தேவைப்படுபவர்களுக்குப் பிசியோதெரபி சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தருவது அதில் சேர்த்திதான். என் அக்கா காய்ச்சலில் படுத்து எழ முடியாமல் போனபோது அப்படித்தான் ஒரு பெண் வந்தார். டாக்டரிடம் காட்டி, நெஞ்சு, பிரஷர் எல்லாம் பார்த்தபின்தான் ஆரம்பித்தார். பெரிய கருவி எதுவுமில்லை. கை வைத்த நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைப்பிடியை அழுத்தி எழுந்து நிற்கவும் மெதுவாக உட்காரவும் சொன்னார். முதல் நாள் இரண்டு தடவை. இரண்டாவதில் அக்கா அழுதுவிட்டார். எனக்கு உடனே 'படுத்துக்கக்கா' என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஏழு வாரம் ஆகிறது. நேற்று பத்துத் தடவை, அதில் கடைசி மூன்று கைப்பிடியைப் பிடிக்காமல். மலைக்கு வண்டியில்தான் போவார், படி ஏறும் எண்ணமெல்லாம் இல்லை. முந்தாநாள் ராத்திரி இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டு டார்ச் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கக்கூஸ் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்து, "நீ எதுக்குடா தூக்கங்கெட்டு எந்திரிச்சு வர்றே, போய்ப் படு" என்று வைதார்.

மாணவர் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு அந்த நாற்காலியோடு வருகிறேன்.