ஆரணியின் துளையட்டைகள்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியில், பட்டுச் சேலையின் கரையில் மயிலும் மாங்காயும் உருவெடுப்பதற்கு நெடுங்காலமாக ஆதாரமாயிருந்து வருபவை, தறியின்மேல் மாலையாகக் கோக்கப்பட்டுத் தொங்கும் துளையட்டைகளே. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரின் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் வகுத்த அந்த உபாயத்தில், ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்றாக, துளையுள்ள இடத்தில் ஊசி புகுந்துவிட, அதற்குரிய பாவு இழை மேலெழும். துளையற்ற இடத்தில் இழை தாழ்ந்தே நிற்கும். எத்துணை சூக்ஷ்மமான யுக்தி! அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் எண்ணியதும், பின்னர்க் கம்ப்யூட்டர்கள் விவரங்களைச் சேமித்ததும் துளையட்டைகளில்தான்.

இன்று மின்னணு ஜக்கார்டுக் கருவிக்குச் சித்திரம் கோப்பாகவே சென்றுவிடுகிறது. பழைய அட்டைகளோ ஈரத்திலும் பூச்சியரிப்பிலும் நாசமாகக் கூடியவை. ஆகையால், நெசவாளப் பெரியோர்களே, பரண்மேலுள்ள அட்டைக்கட்டுகளை எடைக்குப் போடுமுன், துளை துளையாகப் படித்துக் கோப்பாக்கி வையுங்கள்.