ராஜுலாவில் வந்த காய்ச்சல்

சிங்கப்பூர்–சென்னை ராஜுலா கப்பலைப் பற்றி நம்மவர்கள் எழுதியதெல்லாம் தகரப் பெட்டியும் டெக் பயணமும்தான். ஃப்ளூ ஆய்வகத்தில் முட்டை வேலை பார்த்தே ஓய்வுபெற்ற எனக்கு, அந்தப் பெயரைக் கேட்டாலே 1957 மே மாதம்தான் தோன்றும்.

அந்த மாத நடுவில் காய்ச்சல்காரர்களோடு அது சென்னைத் துறைமுகம் வந்தது. வந்தது புது வைரஸ்; பின்னாளில் எச்2என்2 என்று பெயர் பெற்றது. 12 வாரத்தில் நாடு முழுக்கப் பரவியது. 1958 பிப்ரவரி வரை பதிவான நோயாளிகள் சுமார் 44.5 லட்சம், இறப்பு 1,098. குன்னூர் பாஸ்டர் நிலையத்து ஐ.ஜி.கே. மேனன் 1959-இல் உலக சுகாதார நிறுவன இதழில் எழுதிய கணக்கு இது. பதிவுக்கு வந்தவை மட்டுமே இவை. ஃப்ளூவில் செத்ததை ஃப்ளூ என்று எழுதுகிற வழக்கம் இன்றைக்கே நம்மிடம் குறைவு.

வைரஸைப் பிடிக்க அன்றைய வலை கோழி முட்டை. நோயாளி கொப்பளித்துத் துப்பிய நீரில் பெனிசிலின் கலந்து, பத்துப் பதினோரு நாள் கருவுள்ள முட்டைக்குள் ஊசியால் செலுத்துவார்கள். முதலில் இருட்டறையில் விளக்கின்முன் முட்டையைப் பிடித்து, கரு துள்ளுகிறதா என்று பார்த்து, காற்றறையின் விளிம்பைப் பென்சிலால் குறிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் இன்குபேட்டர், பிறகு ஓரிரவு குளிர்பெட்டி. குளிராமல் திறந்தால் ரத்தம் கசிந்து எல்லாம் பாழ். உள்ளிருக்கும் நீரை எடுத்துக் கோழியின் சிவப்பணுக்களோடு கலந்தால், வைரஸ் இருந்தால் அணுக்கள் ஒட்டிக்கொண்டு பாய்போல விரியும். இல்லையேல் அடியில் சிவப்புப் பொட்டாகத் திரளும். நாங்கள் அதை ‘பட்டன்’ என்போம். 1941-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் கண்ட வித்தை. பழைய வைரஸ் தொற்றிய ஃபெரட் என்னும் கீரிபோன்ற பிராணியின் சீரம் அந்த ஒட்டலைத் தடுத்தால், வைரஸ் அந்தச் சீரத்துக்குரிய பழைய இனத்துக்கு உறவு என்று அர்த்தம்.

இந்த முறைக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்: பழையதா, புதியதா? மயிலாப்பூர்க்காரர் வைரஸும் பெரம்பூர்க்காரர் வைரஸும் தட்டில் ஒரே மாதிரி நிற்கும். போதாததற்கு, முட்டையில் வளரும்போது வைரஸே கொஞ்சம் மாறிவிடும். நாங்கள் உறைய வைத்து அனுப்பிய வைரஸில் கோழிக்கும் பங்கு உண்டு.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2016–17 பருவத்தில் நடந்த ஆய்வைப் படித்தபோது பொறாமையாகவே இருந்தது. இரண்டு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவர்களிடமும் வந்தவர்களின் எச்3என்2 ஃப்ளூ வைரஸ் மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். அந்தப் பருவத்தை நடத்தியது ஒரே ஒரு நுழைவல்ல. வெளியிலிருந்து வைரஸ் திரும்பத் திரும்ப ஊருக்குள் வந்திருக்கிறது. முதியோர் பெரும்பாலும் தங்கள் வட்டத்துக்குள்ளேயே தொற்றிக்கொண்டார்கள். மற்றவர்களிடையே, மழலைகளைவிடப் பள்ளிப் பிள்ளைகளின் பங்கே பெரிதாகத் தெரிந்தது. 1957-இல் சென்னைக்குள் அந்தப் புது வைரஸ் எத்தனை முறை நுழைந்தது என்று கோழி ரத்தத்தால் சொல்ல முடியாது. பழி ஒரு கப்பலின்மேல் நின்றுவிட்டது.

வைரஸ் எப்படி நுழைந்து யாரிடையே பரவுகிறது என்ற இந்தக் கணக்கு சென்னைக்குத் தனியாகவே வேண்டும்; ஃப்ளூ காலமே ஊருக்கு ஊர் வேறு. டெல்லியில் ஃப்ளூ உச்சம் ஜூலை முதல் செப்டம்பர், ஸ்ரீநகரில் குளிர்காலம், இங்கே வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பர். உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசிக்கான வைரஸ்களை வட அரைக்கோளத்துக்கு பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்கு செப்டம்பரிலும் தேர்ந்தெடுக்கிறது. எந்தப் பட்டியல் ஊசியானாலும் சரி, சென்னைக்காரர் மழை தொடங்குமுன் போட்டுக்கொள்வது நல்லது.