காருக்கும் டிராக்டருக்கும் ஒரே தாய்வீடு

நவரைக்குச் சேறடிக்கும்போது எங்க டிராக்டர் பாதி வயல்ல நின்னுடுச்சு. என்ஜின் நல்லாத்தான் ஓடுது. லிஃப்ட்தான் ஏறல. பின்னாடி ரோட்டவேட்டர் எருமை மாதிரி சேத்துல உட்கார்ந்துடுச்சு, லிவரை எவ்வளவு இழுத்தாலும் அசையல. நாத்து மூணு நாள்ல பிடுங்கணும். ஆள் சொல்லியாச்சு.

மெக்கானிக்குக்குப் போன் போட்டா, "திருத்தணி பக்கம் இருக்கேண்ணே, நாளன்னைக்குத்தான்" என்றார். வேற வழியில்லாம சித்தப்பாவைக் கூப்பிட்டேன். எங்க ஊர் பூந்தமல்லிக்கும் திருநின்றவூருக்கும் நடுவுல. சித்தப்பா முப்பத்து மூணு வருஷம் இங்கிருந்து சைக்கிள்ல திருநின்றவூர் ஸ்டேஷன் போய், ரயில் பிடிச்சு, கொரட்டூர்ல இறங்கி, பாடியில ஒரு கம்பெனியில லேத் ஓட்டினவர். இப்ப வயசு எழுபத்தி நாலு. லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்தார். டிராக்டரைக் கரையேத்தி, புளியமரத்துல செயின் பிளாக் கட்டி, பின்பக்க மேல்மூடியைத் தூக்கினோம். உள்ளே லிஃப்ட் சிலிண்டர்ல ஒரு ஓரிங் தேஞ்சு கிழிஞ்சு கிடந்துச்சு. கட்டைவிரல் மொத்தம் கூட இல்லாத ரப்பர் வளையம்.

அதைக் கையில வெச்சுக்கிட்டு சித்தப்பா சொன்னார்: "இன்னாடா பாக்குற? இந்த லிஃப்ட்டும், பூந்தமல்லி டாக்டர் வெச்சிருந்தாரே ஹெரால்டு காரு, அதுவும் ஒரே ஊர்ல பொறந்ததுடா."

பாடி பத்தி எழுதணும்னு எனக்கு ரொம்ப நாளா எண்ணம். எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியாம இருந்துச்சு. சித்தப்பா ஆரம்பிச்சுக் கொடுத்துட்டார்.

அவர் சொன்ன ஊர் இங்கிலாந்தில் இருக்கும் கோவென்ட்ரி. கார் தொழிலுக்குப் பேர்போன ஊர். 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு அந்த ஊரின் நடுப்பகுதியையே தரைமட்டம் ஆக்கின. அங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, போர்க்காலத்தில் பேனர் லேன் என்ற இடத்தில் விமான என்ஜின் செய்ய ஒரு பெரிய தொழிற்சாலையை நடத்தியது. போர் முடிந்தது, விமான என்ஜினுக்கு வேலை இல்லை. கட்டடம் சும்மா நின்றது. அதே நேரம், அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் தன் டிராக்டரைச் செய்து கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஸ்டாண்டர்டு கம்பெனியை நடத்திய சர் ஜான் பிளாக் ஒத்துக்கொண்டார். 1946-ல் விமான என்ஜின் செய்த கூரைக்குக் கீழே சாம்பல் நிறச் சின்ன டிராக்டர் வர ஆரம்பித்தது. பத்து வருஷத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள்.

ஃபெர்குசன் கண்டுபிடித்ததைத்தான் நாங்க தினமும் "லிஃப்ட்"னு ஒரே வார்த்தையில சொல்றோம். அதுக்கு முன்னாடி டிராக்டர் என்றால் மாட்டுக்குப் பதில் இரும்பு, அவ்வளவுதான். கலப்பையைப் பின்னாடி கட்டி இழுக்கும். கலப்பை வேர்லயோ பாறையிலயோ மாட்டிக்கிட்டா, சக்கரம் முன்னேறப் பார்க்கும், கலப்பை விடாது. டிராக்டர் மூக்கைத் தூக்கிக்கிட்டு ஓட்டுறவன் மேலேயே மல்லாந்து விழும். ஃபெர்குசன் கீழே ரெண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க் என்று மூணு இடத்தில் கலப்பையைப் பிடித்தார். கலப்பை மண்ணுல இழுபடுற வேகம் டாப் லிங்க் வழியா முன்னாடி தள்ளும். அதனால் மூக்கு தூக்காது, பின்சக்கரத்துக்கும் பாரம் கிடைக்கும். மண் இறுகினா ஹைட்ராலிக் தானாகவே கலப்பையைக் கொஞ்சம் மேலே தூக்கும், இளகினா இறக்கும். எங்க தாத்தா மேழியில கைய வெச்சு, மண்ணோட பேச்சைக் கேட்டு அமுக்குவாரே, அந்த வேலையை எண்ணெயும் வால்வும் செய்யுது. பெரிய கண்டுபிடிப்புகள்னு பளபளக்கிற கார்களைத்தான் காட்டுவாங்க. என்னைக் கேட்டா இதுக்குத்தான் முதல் இடம்.

காருக்கு வர்றேன். அதே ஸ்டாண்டர்டு கம்பெனி 1947-ல் வேன்கார்டு என்ற காரை அறிவித்தது. போரில் கடன்பட்ட பிரிட்டனுக்கு வெளிநாட்டுப் பணம் வேண்டும். ஏற்றுமதி செய்கிறவனுக்குத்தான் இரும்பு ஒதுக்கீடு. அதனால் காலனி நாட்டு ரோடுகளையும் மனசுல வெச்சுச் செய்த தடித்த கார் அது. அதற்கு ஒரு நாலு சிலிண்டர் என்ஜின் செய்தார்கள். அந்த என்ஜினையே ஃபெர்குசன் டிராக்டருக்கும் போட்டார்கள். 1953-ல் டிரயம்ஃப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதையே 1991 சிசி அளவில் போட்டார்கள். உழுறதும் அதுதான், பந்தயத்துல ஓடுறதும் அதுதான்.

அது எப்படி ரெண்டுக்கும் ஒத்து வந்துச்சுன்னு சித்தப்பாகிட்ட கேட்டேன். "உறைக்கிணறு பாத்திருக்கல்ல?" என்றார். அந்த என்ஜின்ல சிலிண்டரைக் கட்டையிலேயே துளைக்கல. உறைக்கிணத்துல உறை இறக்குற மாதிரி தனிக் குழாயா இறக்கி வெச்சிருக்காங்க. உறையைச் சுத்தி வெளிப்பக்கம் தண்ணி நிக்கும். தேஞ்சா உறையை மட்டும் உருவிட்டு வேற இறக்கிடலாம். சின்ன உறை இறக்கினா சின்ன என்ஜின், பெரிய உறைன்னா பெரிய என்ஜின். பட்டறை இல்லாத ஊர்லயும் பிழைக்கக்கூடிய என்ஜின்.

இந்த வேன்கார்டுதான் மெட்ராஸுக்கு வந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற பெயரில் வண்டலூர் பக்கம் தொழிற்சாலை. அதே காலத்தில் வடக்கே எண்ணூரில், 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது (பிறகு அசோக் லேலண்ட் ஆன கம்பெனிதான்). பூட்டியது என்றுதான் சொல்லணும். கார் துண்டு துண்டாகப் பெட்டியில் கப்பலேறி வரும். இங்கே பிரித்து, பூட்டி, பெயிண்ட் அடித்து விற்பார்கள்.

1953-ல் டாரிஃப் கமிஷன் ஒரு கோடு போட்டது. படிப்படியாக பாகங்களை இந்தியாவிலேயே செய்யத் திட்டம் உள்ளவர்கள் இருக்கலாம். வெறுமனே பூட்டி விற்கிறவர்கள் மூன்று வருஷத்தில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அரசு ஏற்றுக்கொண்டது. அமெரிக்க ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. மிச்சமிருந்தவர்களுக்கு ஒரே கவலை: பிரேக் யார் செய்வது? சக்கரம்? டைனமோ? ஒரு சாதாரண போல்ட்டு?

அந்தக் கேள்விக்கு வந்த பதில்தான் எம்.டி.எச். ரோடு. மெட்ராஸ்-திருவள்ளூர் நெடுஞ்சாலை. நீங்க இப்ப அதுல போனா டிராஃபிக்கைத் தவிர எதையும் பார்க்க முடியாது. ஆனா கிழக்கே பாடியிலிருந்து மேற்கே ஆவடி வரைக்கும் அந்த ரோட்டோட ரெண்டு பக்கமும் ஒரு காரைப் பிரிச்சுப் போட்ட மாதிரிதான். பாடி ரொம்பப் பழைய ஊர். சம்பந்தர் பாடிய திருவலிதாயம் அதுதான். அங்கே டி.வி.எஸ். குடும்பம் 1960-ல் வீல்ஸ் இந்தியாவைத் தொடங்கியது, சக்கரம் செய்ய. அடுத்த வருஷம் லூகாஸ்-டிவிஎஸ், கார் மின்சாதனங்களுக்கு. 1962-ல் பிரேக்ஸ் இந்தியா. 1966-ல் சுந்தரம் ஃபாஸ்னர்ஸின் போல்ட்டு நட்டு. அம்பத்தூரில் அதற்கும் முன்னாலேயே, 1949-ல் முருகப்பா குடும்பம் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் இருந்தது. ஹெர்குலிஸ் சைக்கிள் அங்கேதான் பிறந்தது. சித்தப்பா ஸ்டேஷனுக்கு மிதித்ததும் ஒரு ஹெர்குலிஸ்தான். 1955-ல் ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ். 1959-ல் அம்பத்தூரில் டன்லப் டயர். (டயர் வர்றது நின்னு எத்தனையோ காலம் ஆச்சு, பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் அந்தப் பேர் ஒட்டிக்கிட்டு இருக்கு.) 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1965 முடிவில் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பெரிய கம்பெனிக்குப் பாகம் செய்யும் சின்னப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் அங்கே முளைத்தன.

டிராக்டரும் வந்து சேர்ந்தது. சிம்சன் குழுமத்து அனந்தராமகிருஷ்ணன் 1960-ல் டஃபே கம்பெனியைத் தொடங்கி, செம்பியத்தில் மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர் செய்ய ஏற்பாடு செய்தார். ஃபெர்குசனின் கம்பெனி அதற்குள் கனடாவின் மாஸ்ஸி-ஹாரிஸோடு சேர்ந்திருந்தது. மாடல் 35, பேனர் லேனில் பிறந்த மாடல். அதன் வாரிசுதான் எங்க புளியமரத்தடியில் வாயைப் பிளந்துக்கிட்டு நின்ன 1035.

ஹெரால்டு கதை தனி. 1959-ல் இங்கிலாந்தில் வந்த கார். 1961-ல் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. உருவம் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி வரைந்தது. எல்லா நாட்டுக்காரர்களும் சட்டமும் உடம்பும் ஒன்றாகப் பற்றவைத்த கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தபோது, இது தனிச் சட்டத்தின் மேல் துண்டு துண்டாக போல்ட்டு போட்டு இறுக்கிய கார். காரணம் வேறொன்றும் இல்லை. ஸ்டாண்டர்டுக்கு உடம்பு செய்து கொடுத்த கம்பெனியைப் போட்டிக்காரன் வாங்கிவிட்டான். முழு உடம்பு செய்து தர ஆள் இல்லை. அந்தக் கஷ்டம் மெட்ராஸுக்கு வசதியாகிவிட்டது, ஏன்னா துண்டு துண்டா இருக்கிற காரைச் செய்யறது இங்கே சுலபம். சின்ன வயசுல டாக்டர் வீட்டு வாசல்ல நின்னு பார்த்திருக்கேன். பானெட்டைத் திறந்தா முன்பக்கம் முழுசும், மட்கார்டோட சேர்ந்து, முதலை வாய் மாதிரி முன்னாடி சாயும். டிரைவர் முன்சக்கரத்து மேலேயே உட்கார்ந்து என்ஜினைக் குடைவார். சின்னச் சந்துலயும் ஒரே வளைப்புல திரும்பிடும். இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு ரெண்டே கதவு. குடும்பம் பெருசு, சேலை கட்டின பாட்டி பின்சீட்டுக்கு எப்படிப் போவாங்க? இங்கே நாலு கதவு வைத்தார்கள். பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அச்சு நம்ம ரோட்டுக்கும் பாரத்துக்கும் ஒத்து வரவில்லை. 1972-ல் வந்த கெசல் காரில் அதைத் தூக்கிவிட்டு ஒரே திட அச்சு போட்டார்கள். புத்தகம் இதைப் பின்னடைவுன்னு சொல்லும். வண்டி ஓட்டுறவன் சொல்லமாட்டான்.

கெசலும் சில வருஷத்தில் நின்றது. 1985-ல் கம்பெனி கடைசியாக ஒரு கார் விட்டது: ஸ்டாண்டர்டு 2000. உடம்பு ரோவர் கம்பெனியின் நவீன உடம்பு. பானெட்டைத் திறந்தால் உள்ளே 1991 சிசி. அதே வேன்கார்டு காலத்து, அதே உறைக்கிணறு என்ஜின். நாற்பது வருஷப் பழசு. விலையும் அதிகம். மாருதி வந்துவிட்டிருந்த காலம் அது. 1988-ல் தொழிற்சாலையை மூடினார்கள்.

ஆனா பாடி மூடல. கார் போச்சு, பிரேக் நின்னுச்சு. அதுதான் எனக்கு வியப்பு. ஸ்டாண்டர்டுக்குப் பாகம் செய்யக் கத்துக்கிட்ட கைகள் அம்பாசிடருக்குச் செஞ்சுச்சு, லாரிக்குச் செஞ்சுச்சு, மாருதிக்கு, அப்புறம் திரும்பி வந்த ஃபோர்டுக்குக்கூட. அந்தக் கைகள் யாரோடது? எங்களோடது. நடவு ஆள், ஏர் ஓட்டினவன், மாடு மேய்ச்சவன். சித்தப்பா 1972-ல் வேலைக்குச் சேர்ந்தப்போ மைக்ரோமீட்டரைக் கையில கொடுத்தாங்களாம். "ஒரு தலைமுடியில பத்துல ஒரு பங்கு தப்பினாலும் பீஸ் ரிஜக்ட்டுன்னான். நான் அதுவரைக்கும் அளந்தது மரக்கால்தான்" என்பார்.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லிடணும். எங்கம்மாவுக்குத் தாய்வீடு அம்பத்தூர் பக்கம். ஏரித் தண்ணியில ரெண்டு போகம் விளைஞ்ச நிலம் அவங்க அப்பாவுக்கு இருந்துச்சு. அறுபதுகள்ல ஒரு தொழிற்சாலைக்குப் போச்சு. ஏக்கருக்குக் கொடுத்த பணத்தை அம்மா வாயால சொல்ல மாட்டாங்க. கையை மட்டும் விரிச்சுக் காட்டுவாங்க. மாமா அந்த இடத்துக்குப் பக்கத்துலயே ஒரு பட்டறையில கூலிக்குப் போனார். அதே மாதிரி ஒரு கம்பெனி, சித்தப்பாவுக்கு மாசாமாசம் கொடுத்த சம்பளம்தான் 1983 வறட்சியில எங்க மூணு ஏக்கரை விக்காம காப்பாத்துச்சு. ஒரு வீட்டு நிலத்தைத் தின்னதும் அந்த ரோடுதான், இன்னொரு வீட்டு நிலத்தைக் காத்ததும் அந்த ரோடுதான். ரெண்டும் என் வீடு. நான் எந்தப் பக்கம் நின்னு எழுதுறது?

இப்ப பாடியிலயும் அம்பத்தூர்லயும் பட்டறை இருந்த இடத்துல அடுக்குமாடி வருது. எங்க ஊருக்கும் புரோக்கர் வந்தாச்சு. போன மாசம்கூட ஒருத்தர் வரப்புல ஷூவோட நடந்துக்கிட்டே, "சார், உங்க இடம் ரோட்டுல இருந்து எத்தனை அடி?" என்று கேட்டார். சேறடிச்ச வயல்ல நின்னுக்கிட்டு.

ஓரிங் பூந்தமல்லியிலேயே கிடைச்சுது, நாப்பது ரூபாய். சித்தப்பா பழசையும் புதுசையும் விரல்ல மாட்டி, கண்ணை மூடிக்கிட்டு உருட்டிப் பார்த்தார். "சரியா இருக்கு" என்றார். மூடியை இறக்கி, போல்ட்டு ஒவ்வொண்ணா குறுக்கு வாட்டுல இறுக்கி, எண்ணெய் ஊத்தினோம். லிவரை இழுத்தேன். ரோட்டவேட்டர் சொட்டச் சொட்ட மேலே வந்துச்சு. பொழுது சாய ஒரு மணி நேரம் இருந்துச்சு. சித்தப்பா வரப்பில் உட்கார்ந்து, டாப் லிங்க்கை ரெண்டு சுத்து குறைக்கச் சொன்னார்.