சுழியம் எதைச் சொல்கிறது? மீநுண் வடிகட்டியின் பாக்டீரியா நீக்கத் திறனை அளத்தல்

ஆய்வகத் தூயநீர்க் கருவியின் மீநுண் வடிகட்டியைத் தாண்டி வந்த நீரில் 100 மில்லிலிட்டர் எடுத்துச் சோதிக்கிறோம். அகர் தட்டில் ஒரு காலனிகூட முளைக்கவில்லை. அறிக்கையில் ‘பாக்டீரியா இல்லை’ என்று எழுதிவிடலாம். ஆனால் அதைச் சவ்வின் திறனுக்குச் சான்றாகக் காட்ட இயலாது என்பதே என் வாதம்.

உள்ளே சென்ற எண்ணிக்கையை வெளியே வந்த எண்ணிக்கையால் வகுத்து, அதன் பத்தடி மடக்கையை நீக்கத் திறனாகக் குறிப்பது வழக்கம். 10 லட்சம் சென்று ஒன்று வந்தால் 6. சுழியம் வந்தாலோ வகுக்கவே வழியில்லை. பாய்சான் பரவலின்படி, 100 மில்லிலிட்டரில் எதுவும் காணப்படாதபோது, அவ்வளவு நீரில் சராசரியாக மூன்றுக்கு மேல் இராது என்று மட்டுமே 95 விழுக்காடு நம்பிக்கையுடன் சொல்லலாம். எதிர்ச் சவ்வூடுபரவலையும் அயனிப் பரிமாற்றத்தையும் கடந்து சவ்வுக்கு வரும் நீரில் மில்லிலிட்டருக்கு 10 பாக்டீரியா என்று கொள்வோம். 100 மில்லிலிட்டருக்கு ஆயிரம். அதை மூன்றால் வகுத்தால் மடக்கை ஏறக்குறைய 2.5. விவரத்தாளில் ஆறு, ஏழு என்று அச்சிட இந்தச் சோதனை இடம் தராது. சவ்வு நல்லதாகவே இருக்கலாம். அதைக் காட்டும் அளவுக்கு அதற்கு வேலை தரப்படவில்லை.

ஆகவே தெரிந்த அளவு பாக்டீரியாவைக் கலந்து செலுத்த வேண்டும். இதற்கெனப் பயன்படுவது பிரெவுண்டிமோனாஸ் டிமினூட்டா. 1960களில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த பிரான்சஸ் போமன், 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியை இது தாண்டுவதைக் கண்டார். வடிகட்டிகளைச் சோதிக்கும் ஏஎஸ்டிஎம் எஃப்838 முறையில் ஒரு சதுர சென்டிமீட்டர் சவ்வுக்கு 1 கோடி உயிரிகள் தேவை. மீநுண் சவ்வின் துளை இக்கிருமியைவிட மிகச் சிறியது. பழுதற்ற சவ்வு எளிதில் தேறிவிடும். இங்கே நாம் தேடுவது, சவ்வாக அமைந்த நுண்குழல் இழைகளில் அறுந்த இழையையும் இழைமுனைகளை ஒட்டும் பிசினின் கசிவையும்தான். 10,000 டால்டன் என்பது போன்ற மூலக்கூறு எடை எல்லை துளையின் அளவைக் காட்டும். ஓர் இழை அறுந்ததைக் காட்டாது.

உப்பற்ற நீரில் செல்கள் தாமாகவே சாகக்கூடும். அதே கலவையில் ஒரு பகுதியைச் சவ்வில் செலுத்தாமல் அதே நேரம் வைத்திருந்து எண்ணாவிட்டால், அந்தச் சாவும் நீக்கக் கணக்கில் சேர்ந்துவிடும்.

அன்றாடக் கண்காணிப்பிலோ சிக்கல் எண்ணும் முறையிலேயே இருக்கிறது. பட்டினி நீரில் பழகிய பாக்டீரியாவுக்குச் சத்து மிகுந்த அகரும் 37 பாகை வெப்பமும் ஒத்துவருவதில்லை. ரீசனரும் கெல்ட்ரைச்சும் 1985இல் வெளியிட்ட ஆர்2ஏ அகரில், 20 முதல் 28 பாகையில், 5 முதல் 7 நாள் காத்திருந்தால் அவற்றில் பல தலைகாட்டும். இரண்டே நாளில் தட்டை எடுத்துவிட்டால் சுழியம் மலிவாகவே கிடைக்கும். நீரை வடித்து எண்ணும் சவ்வும் வழக்கமாக 0.45 மைக்ரோமீட்டர்தான் — போமனின் கிருமி தாண்டிய அதே அளவு!

மாதிரி எடுக்கும் இடமும் கணக்கில் சேரும். வெளியேற்று முனையில் படிந்த உயிர்ப்படலம் நல்ல சவ்வின்மேல் பழி போடும். அங்கே 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டி பொருத்தியிருந்தால், அறுந்த இழையையும் அது மறைத்துவிடும். சவ்வுக்கு முன்னும் பின்னும் தனித்தனி மாதிரிக் குழாய் வைத்து, ஒரே வேளையில் எடுத்த இரண்டு எண்ணிக்கைகளைத்தான் ஒன்றால் மற்றொன்றை வகுக்க வேண்டும்.