‘ஏலாது’ என்றொரு விடை

‘அல்கோரிதம்’ என்று இன்று எல்லாரும் வாய்க்கு வாய் சொல்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்த சொல் அது. படிப்படியாகச் செய்துகொண்டு போனால் விடை கிடைக்கும் வழிமுறை என்பது பொருள். ஆனால், எல்லாக் கணக்குக்கும் அப்படியொரு வழி இருக்குமா? இந்தக் கேள்வியோடு இருபது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியவர் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜூலியா ரொபின்சன் (1919–1985).

9 உம் 16 உம் சேர்ந்தால் 25. இரண்டு வர்க்கங்கள் சேர்ந்து இன்னொரு வர்க்கமாகின்றன. நேர் நிறைவெண்களின் கனங்களில் இப்படி வராது. பத்தாம் நூற்றாண்டில் அல் குஜந்தி இதை நிரூபிக்க முயன்றார், நிரூபணம் நிறைவாகவில்லை. ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் இப்படித் தனித்தனியாகப் பாடுபட வேண்டுமா? எந்தச் சமன்பாட்டைத் தந்தாலும் நிறைவெண்களில் தீர்வு உண்டா, இல்லையா என்று சொல்லும் பொதுவழி ஒன்றைக் காட்டுங்கள் என்று 1900 இல் ஜெர்மனியின் ஹில்பர்ட் கேட்டார். அவருடைய 23 பிரச்சினைகளில் இது பத்தாவது.

ஜூலியாவுக்கு ஒன்பது வயதில் செங்காய்ச்சல், பிறகு வாதக்காய்ச்சல். பள்ளிப் படிப்பில் இரண்டு வருடம் போய்விட்டது, இதயமும் பழுதானது. 1948 இல் பேர்க்லியில் தார்ஸ்கியிடம் கலாநிதிப் பட்டம் பெற்றார். கணவர் அதே கணிதத் துறையில் இருந்தபடியால், உறவினர் இருவர் ஒரே துறையில் இருக்கக் கூடாதென்ற விதி அவருக்குக் கதவை அடைத்தது. பதவி இல்லாமலே ஆய்வு நடந்தது.

1961 இல் டேவிஸ், பட்னம் ஆகியோரோடு சேர்ந்து, தெரியாக் கணியங்கள் அடுக்குகளிலும் வரும் சமன்பாடுகளுக்குப் பொதுவழி கிடையாதென்று நிரூபித்தார். சாதாரணச் சமன்பாடுகளுக்கும் அது பொருந்த ஒரேயொரு கண்ணிதான் மிச்சம். அது எப்படி இருக்க வேண்டும் என்பதையும் ஜூலியாவே முன்னமே சொல்லியிருந்தார். பிறந்தநாள் தோறும் இதற்கு விடை கிடைக்க வேண்டுமென்றே ஆசைப்பட்டார்.

1970 ஜனவரியில், லெனின்கிராட்டில் 22 வயது மத்தியாசெவிச் அந்தக் கண்ணியைக் கண்டார். ஜூலியாவின் புதிய கட்டுரையொன்றை வாசித்ததே அவரை மறுபடியும் இந்தப் பிரச்சினைக்கு இழுத்தது. விடை: ஏலாது. ‘எனக்குத் தெரியாது’ என்பது வேறு, ‘எவராலும் ஏலாது’ என்பது வேறு. பின்னதற்கு நிரூபணம் வேண்டும்.

கடைசிக் கண்ணி தன் கையில் அகப்படவில்லையே என்று ஜூலியா மனம் நோகவில்லை, சந்தோஷப்பட்டார். பனிப்போர் நடந்த அந்தக் காலத்தில் இருவரும் சேர்ந்து 1975 இல் கட்டுரையும் வெளியிட்டார்கள். பேர்க்லி அவரைப் பேராசிரியராக்கியது 1976 இல்தான். 1983 இல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார்.

அல் குவாரிஸ்மியின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்தப் பெயரால் வழங்கும் வழிமுறைக்கு எல்லை உண்டென்று காட்டியவர்களில், கதவடைக்கப்பட்ட ஒரு பெண்ணும் இருந்தார் என்பதை நம் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லுவோம்.