பிரிவினைக்குப் பின் ஒரு ஹொக்கிக் கோஷ்டி

1947 ஆகஸ்டில் இந்தியா இரண்டாகப் பிரிந்தபோது, நிலமும் நதிகளும் மட்டுமன்றி அதன் ஹொக்கிக் கோஷ்டியும் பிளவுண்டது. 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களிலும் தொடர்ந்து வாகை சூடிய கோஷ்டி அது. ஆட்டக்காரர் பலரை ஈன்ற மேற்குப் பஞ்சாப் எல்லைக்கு அப்பாற் சென்றுவிட்டது. லண்டன் விழாவுக்கோ ஓராண்டே எஞ்சியிருந்தது.

பெர்லினில் தயான் சந்தின் கீழ் ஆடிய தாரா, பாகிஸ்தானின் தலைவரானார். லாகூரிற் பிறந்த கேசவ் தத் பம்பாய்க்குப் பெயர்ந்து இந்தியாவுக்கு ஆடினார். பிறந்த ஊரைக் கொண்டு எவர் எந்நாட்டவர் எனத் தீர்மானிக்க இயலாத காலம் அது. தெரிவாளரின் பணி இலேசானதன்று. பம்பாய் பலரை அளித்தது. கிழக்குப் பஞ்சாபிலிருந்து பல்பீர் சிங்கும், வங்காளத்திலிருந்து லெஸ்லி குளோடியஸும் வந்து சேர்ந்தனர். கிஷன் லால் தலைமை தாங்கினார்.

1948 ஆகஸ்ட் 12 இல், வெம்பிளி மைதானத்திலே, நேற்றுவரை ஆட்சி புரிந்த பிரித்தானியரை இப்புதுக் கோஷ்டி 4-0 என வென்றது. அவற்றுள் இரண்டு பல்பீர் அடித்தவை. பாகிஸ்தானோ அரையிறுதியிற் பிரித்தானியரிடம் தோற்றிருந்தது. ஆதலின் பழைய தோழர்கள் நேருக்கு நேர் மோதவேண்டிய நிலை அம்முறை எழவில்லை. 1956 இல் மெல்போர்னில் அது நேர்ந்தது. லண்டனில் இந்தியாவுக்கு ஆடிய அக்தர் ஹுசேனும் லத்தீபுர் ரஹ்மானும் அப்போது பாகிஸ்தான் கோஷ்டியில் இருந்தனர்.