தீர்மானப் பதிவேட்டைக் கேட்போம்

அரசு மருத்துவமனையில் மருந்து இல்லை, மருத்துவர் இல்லை என்று போராடுகிறோம். அங்கே செலவைத் தீர்மானிக்கும் குழு எப்போது கூடியது, அதில் யார் அமர்ந்தனர் என்று நாம் கேட்பது அரிது.

2005 ஏப்ரலில் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம், நோயாளர் நலச் சங்கங்களையும் கிராம சுகாதாரக் குழுக்களையும் நாடெங்கும் கொண்டுவந்தது. தொடக்க விதிமுறைப்படி ஆரம்ப சுகாதார நிலையத்தின் சங்கத்திற்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய். கிராமக் குழுவிற்கு 10,000 ரூபாய். சிறு தொகைதான். ஆயினும் எந்தத் தெருவின் சாக்கடை சீராகும், எந்தத் தொட்டியில் குளோரின் இடப்படும் என்பது இத்தகைய தொகைகளைப் பொறுத்தது. குழுவில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் வேண்டும் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. கூட்டம் ஊர்த்தெருவில் முடிந்து, பதிவேடு மட்டும் கையெழுத்துக்காகச் சேரிக்கு வருமானால், ஏட்டளவில் அந்த இடமும் நிரம்பிவிடும். ஆகவே பெயர்ப்பட்டியல் போதாது. யார் பேசினார், என்ன முடிவாயிற்று என்பது வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4(1)(b)(viii) இதற்கென்றே அமைந்தது. ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் வாரியங்கள், குழுக்கள் எவை, அவற்றின் கூட்டங்களில் பொதுமக்கள் கலந்துகொள்ளலாமா, நடவடிக்கைக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்பதைத் தானாகவே வெளியிட வேண்டும். இதில் ஓர் ஓட்டையும் உண்டு. கதவைத் திறக்கும்படி இப்பிரிவு ஆணையிடவில்லை. திறந்திருக்கிறதா என்று சொல்லும்படி மட்டுமே கேட்கிறது. ‘இல்லை’ என்று எழுதி வெளியிட்டாலும் கடமை முடிந்துவிடும். எனினும் நடவடிக்கைக் குறிப்பு ஓர் ஆவணம். கூட்டத்திற்குள் நுழைய முடியாதவரும் மனு செய்து அதைக் கோரலாம்.

வழக்கமாக எழக்கூடிய மறுப்புகள் இரண்டு. ‘நாங்கள் பதிவுபெற்ற சங்கம், அரசுத் துறை அல்ல’ என்பது முதலாவது. அரசால் கணிசமாக நிதியளிக்கப்படும் தனியார் சங்கங்களும் இச்சட்டத்திற்குள் வரும் என்று டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் கூறிவிட்டது. ‘தனிநபர் தகவல்’ என்பது இரண்டாவது, இதுவே கடினமானது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 8(1)(j) பிரிவிலிருந்த பொதுநலன் விலக்கை நீக்க வகைசெய்தது. உறுப்பினர் பெயரும் ஒப்பந்ததாரர் பெயரும் இக்காரணத்தால் மறைக்கப்படலாம். பொதுநலன் மேலோங்கினால் தகவலை வழங்கலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. மனுவிலேயே அதைச் சுட்டுவது நல்லது.

மனு பொத்தாம்பொதுவாக இருந்தால் விடையும் அவ்வாறே இருக்கும். கடந்த மூன்று ஆண்டுகளின் கூட்டத் தேதி, இடம், வருகைப் பதிவு, தீர்மானங்கள், தெருவாரியான செலவு, பற்றுச்சீட்டுகள் என்று தனித்தனியே கேட்க வேண்டும். நகல் கேட்பதோடு பதிவேட்டை நேரில் பார்வையிடவும் கோருவோம். ஒரே மையில், ஒரே நாளில் இடப்பட்ட பன்னிரண்டு மாதக் கையெழுத்துகள் நகலில் அவ்வளவு எளிதில் தெரியா. வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளோருக்குக் கட்டணம் இல்லை. காரணம் கூற வேண்டியதுமில்லை. 30 நாட்களில் விடை வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பயனளிக்காவிட்டால் 90 நாட்களுக்குள் தகவல் ஆணையம்.